மருந்தகப் பணியில் ஓமியோபதி

ஓமியோபதி மருந்துகளை அடையாளம் காணுதல், பாதுகாத்தல், வழங்குதல், பயன்படுத்தும் முறையை நோயாளிக்கு விளக்குதல் ஆகியவை மருந்தகப் பணியின் ஒரு பிரிவாகும். இந்தியச் சட்டப்படி இவை மருந்துகளே. தயாரிக்கவும் விற்கவும் உரிமம் தேவை. ஒரே பெயர் கொண்ட ஓமியோபதி மருந்து ஒரு புட்டியில் நச்சுப் பொருளாகவும் மற்றொரு புட்டியில் வெறும் சர்க்கரையாகவும் இருக்கக்கூடும். ஆகவே பெயரோடு வீரியத்தையும் பார்த்து வழங்குவது மருந்தாளுநரின் முதன்மைக் கடமையாகும்.

தோற்றம்

ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843) இம்முறையை உருவாக்கினார். 1796-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதன் அடிப்படைக் கருத்து இடம்பெற்றது. 1810-இல் ‘ஆர்கனான்’ என்னும் நூலை வெளியிட்டார். நலமுள்ளவரிடம் ஓர் அறிகுறியை உண்டாக்கும் பொருள், அதே அறிகுறியுள்ள நோயாளியைக் குணப்படுத்தும் என்பது இம்முறையின் கொள்கை. மருந்தை மீண்டும் மீண்டும் நீர்த்துக் குலுக்கினால் அதன் ஆற்றல் கூடும் என்பதும் இதில் அடங்கும்.

வீரியக் கணக்கு

நம் ஊர்ப்பக்கம் நன்கு அறியப்பட்ட எட்டி மரத்தை எடுத்துக்கொள்வோம். எட்டிக்கொட்டையிலிருந்து செய்யப்படும் மருந்துக்கு ‘நக்ஸ் வாமிகா’ என்று பெயர். கொட்டையைச் சாராயத்தில் ஊறவைத்து எடுப்பது தாய்க் கரைசல் (மதர் டிங்ச்சர்). எட்டியின் கடும் நஞ்சான ஸ்டிரிக்னின் அதில் உண்மையாகவே இருக்கும்.

இதில் ஒரு பங்குடன் 99 பங்கு சாராயக் கரைசல் சேர்த்துக் குலுக்கினால் 1சி வீரியம் கிடைக்கும். அதிலிருந்து ஒரு பங்கெடுத்து மீண்டும் 99 பங்கு சேர்த்தால் 2சி. ஒவ்வொரு படியிலும் நூறில் ஒன்றாகக் குறைவதால், 6சி-இல் மூலப்பொருள் 10¹²-இல் ஒரு பங்கு; 12சி-இல் 10²⁴-இல் ஒரு பங்கு; 30சி-இல் 10⁶⁰-இல் ஒரு பங்கு. ஒரு மோல் பொருளில் இருப்பவை ஏறத்தாழ 6.022 × 10²³ மூலக்கூறுகள் மட்டுமே. எனவே 12சி-ஐத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ‘எக்ஸ்’ என்னும் குறி பத்தில் ஒன்றாக நீர்ப்பதைக் காட்டும். 3எக்ஸ் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் மூலப்பொருள் இருக்கும்.

இந்தியச் சட்ட ஏற்பாடுகள்

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 1945-ஆம் ஆண்டின் விதிகளும் ஓமியோபதிக்குப் பொருந்தும். சில்லறை விற்பனைக்கு 20-சி, மொத்த விற்பனைக்கு 20-டி என உரிமப் படிவங்கள் உள்ளன. மருந்தின் பெயர், வீரியம், தயாரிப்பாளர் முகவரி, சாராய அளவு ஆகியவை சீட்டில் இருக்க வேண்டும். 12 விழுக்காட்டுக்கு மேல் சாராயம் கலந்த மருந்தை 30 மி.லி.க்கு மேற்பட்ட புட்டியில் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. மருந்தைப் போதைக்காகக் குடிப்பதைத் தடுக்க இது உதவுகிறது.

தரக் குறிப்புகளைக் கூறும் இந்திய ஓமியோபதி மருந்து நூலின் முதல் தொகுதி 1971-இல் வெளிவந்தது. கல்வியையும் மருத்துவர் பதிவையும் நெறிப்படுத்த 1973-இல் இயற்றப்பட்ட சட்டத்திற்கு மாற்றாக, 2020-இல் தேசிய ஓமியோபதி ஆணையச் சட்டம் வந்தது.

தமிழ்நாட்டில் அரசு ஓமியோபதி மருத்துவக் கல்லூரி 1975-இல் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் தொடங்கப்பட்டது. திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை கேரளத்தின் கொல்லத்தை அடைகிறது. அம்மாநிலத்தில் ஆலப்புழையில் ஓமியோபதிக் கூட்டுறவு மருந்தாலை ஒன்று இயங்குகிறது.

பயன் குறித்த சான்றுகள்

ஆஸ்திரேலியாவின் தேசிய நலவாழ்வு மற்றும் மருத்துவ ஆய்வு மன்றம் 61 நோய்நிலைகள் பற்றிய ஆய்வுகளைப் பரிசீலித்தது. எந்த நோய்க்கும் ஓமியோபதி பயனளிப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015-இல் அறிவித்தது. 2017-இல் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை, ஓமியோபதி மருந்தை இனிப் பரிந்துரைக்க வேண்டாம் எனத் தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இந்தியாவில் இது அரசு ஏற்பு பெற்ற மருத்துவ முறையாகத் தொடர்கிறது. உரிமம் மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்துகிறது. நோய் தீரும் என்பதற்கு அது உறுதிமொழி ஆகாது.

மருந்தாளுநர் கவனிக்க வேண்டியவை

• பெயருடன் வீரியத்தையும் சரிபார்த்தல். 30சி கேட்டவருக்குத் தாய்க் கரைசலைக் கொடுப்பது ஆபத்தாகலாம்.
• சாராயக் கரைசல்களைத் தீ, வெயில் ஆகியவற்றிலிருந்து விலக்கி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுதல்.
• நீரிழிவு உள்ளவர்களிடமும் பால் சர்க்கரை ஒவ்வாதவர்களிடமும் உருண்டைகள், மாத்திரைகள் எதனால் செய்யப்பட்டவை என்று கூறுதல்.
• வாங்குபவர் வேறு என்ன மருந்து உட்கொள்கிறார் என்று கேட்டல். இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மருந்து ஆகியவற்றை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது என்று எடுத்துரைத்தல்.
• காசநோய், மலேரியா, எச்.ஐ.வி., குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு ஓமியோபதியைத் தான் பரிந்துரைப்பதில்லை என 2009-இல் உலக நலவாழ்வு அமைப்பு தெளிவுபடுத்தியதை நினைவில் கொள்ளுதல்.
• தடுப்பூசிக்கு மாற்றாக இம்மருந்துகளைக் கேட்போரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல்.

சுந்தரபாண்டியபுரம் போன்ற வேளாண் ஊர்களில் வயலுக்குச் செல்பவரைப் பாம்பு தீண்டினால் நஞ்சுமுறி ஊசியும், நாய் கடித்தால் வெறிநோய்த் தடுப்பூசியும் உடனே தேவை. உருண்டை மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம் என்று கழிக்கும் ஒரு மணி நேரம் உயிரிழப்புக்கு வழிவகுக்கலாம். இத்தகையோர் மருந்துக் கடைக்கு முதலில் வந்தால், எதையும் விற்காமல் தென்காசி அரசு மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே அனுப்பிவைப்பதே மருந்தாளுநர் செய்ய வேண்டியதாகும்.