மஞ்சள் வித்த காசும் பங்குச் சந்தையும்

போன வைகாசியில் கோபி பக்கம் ஒரு தோட்டத்தில் நம்ம மாதக் கூட்டம். மீன் அமிலம், மூடாக்கு எல்லாம் பேசி முடிச்சு சுக்குக் காப்பி குடிச்சுட்டு இருந்தோம். மஞ்சள் போடும் ஒரு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, மஞ்சள் வித்த காசு நாலு லட்சம் கையில இருக்குது. பையன் ஷேர்ல போடலாம்ங்கறான். போட்டா என்ன ஆகும்?"

பக்கத்தில் இருந்தவர் முந்திக்கிட்டார். "அது சூதாட்டமுங்க. தொடாதீங்க."

அப்படி ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது நம்ம வழக்கம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்காம விட்டதால்தான், வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் என்ன செய்யறாங்கன்னே நமக்குப் புரிய மாட்டேங்குது. அன்னிக்கு அந்த அண்ணனிடம் பேசியதைக் கொஞ்சம் விரிவாக எழுதறேன்.

முதல்ல பங்கு என்றால் என்ன? நம்மில் பலர் ஏற்கெனவே பங்குதாரர்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பணம் கட்டி ரசீதை டிரங்குப் பெட்டியில் வச்சிருக்கோமே, அதுவும் பங்குதான். பத்துக் குடும்பம் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டு மரச்செக்கு வைக்கிறோம்னு வச்சுக்குங்க. லாபம் வந்தால் பத்தாகப் பிரியும். அதுக்குப் பேர் ஈவுத்தொகை. ஒருத்தருக்கு அவசரமாகப் பணம் வேணும். செக்கைப் பத்துத் துண்டாக அறுக்க முடியாது, தன் பங்கைத்தான் விக்கணும். செக்கு நல்லா ஓடினால் ஒன்றரை லட்சத்துக்குக் கேப்பாங்க. எள்ளு கிடைக்காமல் நின்னு போனால் எழுபதாயிரத்துக்கும் ஆள் வராது. இந்த மாதிரிப் பங்குகளை விக்கவும் வாங்கவும் உள்ள ஏலக்கூடம்தான் பங்குச் சந்தை. மும்பை சந்தை 1875-லிருந்து நடக்குது. நம்ம உற்பத்தியாளர் நிறுவனப் பங்கை மட்டும் அங்கே கொண்டுபோய் விக்க முடியாது.

ஒன்றைக் கவனிக்கணும். கம்பெனி முதல்முதலாகப் பங்கு வெளியிடும்போது நாம் கொடுக்கும் காசு கம்பெனிக்குப் போகலாம். அதுக்கப்புறம் சந்தையில் வாங்கும்போது, விக்கிறவர் கைக்குத்தான் போகுது. வாங்கின பங்கு புரோக்கர் வீட்டில் இருக்காது. என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்று இரண்டு காப்பகங்கள் இருக்கு. அங்கே உங்க பேரில் டீமேட் கணக்கில் பதிவாகி இருக்கும், கிடங்கில் மூட்டையை வச்சுட்டு ரசீது வாங்கற மாதிரி.

விலை ஏன் ஏறுது, இறங்குது? ஈரோடு மஞ்சள் ஏலத்தில் நின்னவங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாபாரி விரலியை ஒடிச்சுப் பார்த்துட்டு விலை போடறார். இன்னிக்கு முன்னாடி இருக்கும் மூட்டையை மட்டும் பார்த்துப் போடற விலை இல்லை அது. நிஜாமாபாத்தில் எவ்வளவு வரும், சாங்லியில் எவ்வளவு இருப்பு என்ற நாளைக் கணக்கும் அதுக்குள்ள இருக்கு. 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-ல் 4,000 ரூபாய் பக்கம் வந்து நின்னுது. மஞ்சள் அதே மஞ்சள்தான். விலையைப் பார்த்து எல்லாரும் நட்டுட்டாங்க. அன்னிக்கு மூட்டையை அடுக்கி வச்சுட்டு "இன்னும் ஏறும்"னு காத்திருந்தவங்க எல்லாம் சந்தையில் காசு போட்டவங்கதான், பேர்தான் வேற.

பங்குச் சந்தையிலும் இதே கதைதான். பெரிய 30 கம்பெனிகளை வச்சுக் கணக்கிடுவது சென்செக்ஸ், 50 கம்பெனிகளை வச்சுக் கணக்கிடுவது நிஃப்டி. 2008 ஜனவரியில் 21,000 தொட்ட சென்செக்ஸ், அதே வருசம் அக்டோபரில் 9,000-க்குக் கீழே போச்சு. மறுபடி 21,000 பார்க்க 2010 நவம்பர் வரை ஆச்சு. பொறுத்திருந்தவருக்கு நட்டமில்லை. ஆனா 2008 ஐப்பசியில் மகள் கல்யாணம் வச்சிருந்தவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அதனால அண்ணனிடம் நான் முதலில் கேட்டது, "இந்தக் காசு எப்போ வேணுமுங்க?" என்பதுதான். அஞ்சு, ஏழு வருசத்துக்குள்ள தேவைப்படும் காசுக்கு அது இடமில்லை.

ஒரே கம்பெனியில் போடுவது ஒரே பயிரை நம்பற மாதிரி. பலபேர் காசைச் சேர்த்துப் பல கம்பெனிகளில் போடுவது மியூச்சுவல் ஃபண்ட். நிஃப்டி கம்பெனிகளையே அப்படியே வாங்கிப் போடும் இண்டெக்ஸ் ஃபண்டில் செலவுப் பிடித்தம் குறைவு. புதுசாக வர்றவங்களுக்கு என் கணக்கில் அது போதும். அந்தக் கூடைக்குள்ள பூச்சிக்கொல்லிக் கம்பெனிப் பங்கும் வந்துடலாம். எனக்கு அது உறுத்தல்தான், மறைக்க மாட்டேன்.

இப்போ சூதாட்டப் பாதிக்கு வருவோம். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்னு பசங்க பேசறது இதுதான்.

மஞ்சளுக்கே இது உண்டு. என்சிடிஇஎக்ஸ் சந்தையில் மஞ்சள் பியூச்சர் ஒரு லாட் 5 டன். ஏக்கருக்கு இருபது, இருபத்தஞ்சு குவிண்டால் காய்ஞ்ச மஞ்சள் எடுக்கும் நமக்கு, ஒரு லாட்டே இரண்டு ஏக்கர் வெள்ளாமை. விலை 14,000 என்று வச்சால் 7 லட்சம் மதிப்பு. அதை வாங்க முழுப் பணம் கட்ட வேண்டாம். பத்தில் ஒரு பங்கு, 70,000 கட்டினால் போதும்னு வச்சுக்குவோம். குவிண்டாலுக்கு 1,000 ரூபாய் ஏறினால் 50,000 லாபம். இறங்கினால் 50,000 நட்டம், கட்டின 70,000-ல் மிச்சம் இருபதுதான். கணக்கை அன்னன்னிக்குச் சாயங்காலமே முடிச்சுப் பணத்தைப் பிடிச்சுக்குவாங்க. "நாளைக்கு ஏறும், பொறுங்க"ன்னு சொல்ல இடமில்லை. குடோனில் இருக்கும் மூட்டை காத்திருக்கும், இது காத்திருக்காது.

விளைச்சல் உள்ளவங்க முன்கூட்டியே விலையை நிறுத்திக்க உருவானதுதான் இந்த ஏற்பாடு. உற்பத்தியாளர் நிறுவனம் ஐம்பது, நூறு பேர் மஞ்சளைச் சேர்த்துச் செய்தால் அர்த்தம் உண்டு. மஞ்சளையே கண்ணால் பார்க்காதவர் செய்தால் பந்தயம்.

ஆப்ஷன் என்பது நிலத்துக்கு அச்சாரம் கொடுக்கற மாதிரி. மூணு மாசத்துக்குள்ள இந்த விலைக்கு வாங்கிக்குவேன்னு அச்சாரம் தர்றோம். விலை ஏறினால் லாபம். ஏறலைன்னா அச்சாரம் போச்சு. நிலத்துக்கு மூணு மாசம். நிஃப்டி ஆப்ஷனில் பசங்க விளையாடறது ஒரு வாரக் கெடுவில். நானும் இதில் 38,000 விட்டவன். வீட்டில் சொல்ல ஒரு வருசம் ஆச்சு. சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கு. 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டில் இப்படி இறங்கின தனிநபர்களில் 93 விழுக்காடு பேருக்கு நட்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. இதைச் சொன்னதும் அண்ணன், "பையன் எதுல போடறான்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

இன்னொரு பள்ளம் வாட்ஸ்அப் குழுக்கள். மாசம் இத்தனை விழுக்காடு உறுதின்னு எவர் சொன்னாலும் அங்கேயே நிறுத்திடுங்க. அறிவுரை சொல்றவர் பேர் செபி இணையதளத்தில் பதிவாகி இருக்கான்னு பாருங்க. யாரோ ஒருத்தர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீங்க. ஏமாந்துட்டீங்கன்னு தெரிஞ்ச உடனே 1930-க்குப் போன் பண்ணணும். அந்த முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பாதுகாப்பாக இருக்கட்டும்னு வைப்புத்தொகையாகப் போடறவங்களுக்கும் ஒரு சேதி. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருத்தருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் வைப்புக்கு அந்தக் காப்பீடு கிடையாது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பறதில்லை.

அண்ணனுக்குக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "கடன் ஏதாச்சும் இருக்குதுங்களா?" கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னார். கிணறு ஆழப்படுத்த வெளியில் ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கார், ரெண்டு வட்டி. நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய் என்றால் வருசத்துக்கு 24. உறுதியாக 24 விழுக்காடு தரும் பங்கு எந்தச் சந்தையிலும் கிடையாது. அந்தக் கடனை அடைச்சால் அந்த 24-ம் அன்னிக்கே மிச்சம்.

போன வாரம் போன் பண்ணினார். கடன் தீர்ந்துடுச்சாம். அடுத்த நடவுக்கும் வீட்டுச் செலவுக்கும்னு ஒன்றரை லட்சத்தை வங்கியில் போட்டிருக்கார். மிச்சத்தில் மாசம் 2,000 இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகுது, பையன் பேரில் இல்லை, அவர் பேரிலேயே. "அவன் செல்போனை வாங்கிப் பார்த்தேனுங்க தம்பி, பதினோராயிரம் விட்டிருக்கான்" என்றார். திட்டினீங்களான்னு கேட்டேன். "2012-ல நான் மூட்டையை வச்சுட்டு விட்டதைச் சொன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து கணக்குப் போட்டோம்."