தோலேடும் நிலவுடைமையும்

இரு மன்னரின் நூலகப் போட்டியிலே, பெர்காம நகரில் தோலேடு பிறந்தது என்னும் கதையைப் பிளினி எழுதிவைத்தார். விலங்குத் தோலில் எழுதும் வழக்கம் அம்மன்னருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. உற்பத்திக் கருவிகளின் வரலாற்றை அரசர் வரலாறாகச் சுருக்கும் இப்போக்கை நாம் ஏற்பதற்கில்லை. தோலேட்டை விளங்கிக்கொள்ள மந்தையையும் மேய்ச்சல் நிலத்தையும் நோக்குதல் வேண்டும்.

கன்று, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரிற் பல நாள் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியாற் சுரண்டி, இழுவை தளராமலே உலர்த்துவர். பதனிட்ட தோலினின்று இது வேறுபடுவது இவ்விடத்திலேயாம். எழுதியோர் சிலரின் பெயர்களேனும் எஞ்சியுள்ளன; சுரண்டியோர் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தொழிந்தன.

இங்கிலாந்தின் வடபுலத்து வெயர்மவுத்-ஜறோ மடாலயத்தில் மூன்று முழு விவிலியப் பிரதிகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை உரோமாபுரிக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு மடாதிபதி செயொல்பிரித் 716ஆம் ஆண்டு புறப்பட்டார். இன்று புளோரன்சு நகரிலுள்ள அப்பிரதி 1,030 தாள்கள் கொண்டது. இரு தாள்களுக்கு ஒரு தோல் எனக் கொள்ளின், இவ்வொரு நூலுக்கே 500க்கு மேற்பட்ட விலங்குகள் வேண்டும். பரந்த நிலமும் அதில் உழைப்போரும் இல்லாத எவரும் இத்தகைய நூலைக் கனவிலும் கருதியிரார். எழுத்தறிவு மடாலயங்களிற் குவிந்தமைக்குப் பக்தி மட்டுமே காரணமென்போர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

தோலின் அருமை பிறிதொரு விளைவையும் தந்தது. ஆர்க்கிமிடீசின் ஆய்வுகள் அடங்கிய 10ஆம் நூற்றாண்டுப் பிரதியொன்றின் எழுத்தைச் சுரண்டி நீக்கி, அதன்மேல் 1229இற் பிரார்த்தனை நூலொன்றை எழுதி முடித்தனர். 1906இல் ஐபேர்க் என்னும் அறிஞர் கொன்சுதாந்திநோபிளில் அடியெழுத்தை இனங்கண்டார். வேறெங்கும் கிரேக்க மூலத்திற் கிடைக்காத பகுதிகளும் அதில் இருந்தன. இதனை விஞ்ஞானத்தின்மீது மதம் கொண்ட பகைமை என்று மட்டும் கூறுவது மேலோட்டமான முடிவாகும். தோல் கிடைத்தற்கரிதாயிருந்தது, எந்நூல் பயனுடையது என்பதை அத்தோலின் உடைமையாளரே தீர்மானித்தனர்.

நூற்கட்டும் இப்பொருளின் இயல்புக்குக் கட்டுப்பட்டதே. ஈரக் காற்றில் தோலேடு நெளிந்து விரியும். ஆதலாற் கனத்த மரப்பலகைகளுக்கிடையே அதனை வைத்து, உலோகக் கொளுவிகளால் இறுக்கினர். அழகுக்கென்று நாம் எண்ணும் கொளுவியின் தொழில் அதுவே. அச்சும் காகிதமும் பரவிய 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளிலோ, பழைய தோலேட்டுப் பிரதிகள் கட்டுநரின் கத்திக்கு இரையாகி, புதிய நூல்களின் முதுகுக்குள் ஒட்டுத்துண்டுகளாயின. அக்கட்டுகளின் உள்ளிருந்துதான் மறைந்த பிரதிகளின் சில வரிகளை இன்று ஆய்வாளர் மீட்டெடுக்கின்றனர்.