உப்புக் காற்றும் பித்தளைக் குழலும்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று சிறுபாணாற்றுப்படை. சிறிய யாழைத் தாங்கி வறுமையில் வாடும் பாணன் ஒருவனை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் சென்று பரிசில் பெறுமாறு வழிப்படுத்தும் பாட்டு அது. அவன் கடந்து செல்லவேண்டிய ஊர்களுள் நெய்தல் நிலத்து எயிற்பட்டினமும் ஒன்று. அப்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். அப்பாணனின் அடுக்களையைக் காட்டவந்த புலவர், குப்பையில் முளைத்த கீரையை உப்புமின்றி வேகவைத்து, பிறர் காணாதவாறு கதவை அடைத்துக்கொண்டு அக்குடும்பம் உண்டதைச் சொல்கிறார். அதே பாட்டில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டி வரிசையும் வருகிறது. அவர்களோடு வந்த மந்தி ஒன்று, கிளிஞ்சலுக்குள் முத்தை அடக்கிக் கிலுகிலுப்பையாக ஆட்டி, உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறதாம். உப்பும் இசையும் வறுமையும் ஒரே பாதையில் நடந்த கரை இது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்று மரக்காணத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்பில் உப்பளங்கள் விரிந்துள்ளன. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றை அடுத்து உப்பு விளையும் பெரிய களம் இதுவே. ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி திருத்தி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை உப்பு வாருகிறார்கள். மழை வந்துவிட்டால் வேலை இல்லை, கூலியும் இல்லை. அம்மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தை மாநில அரசு 2022-இல் தொடங்கியது. இத்தகைய வீடுகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பாண்டு வாத்திய வகுப்பு வைக்கலாமா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள். ‘சோற்றுக்கு வழியில்லை, கார்னெட் எதற்கு?’ என்று சிலர் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். விடை காண்பதற்கு முன், அவ்வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

புதிதாய் வந்த பிள்ளையிடம் ஆசிரியர் முதலில் கார்னெட்டைக் கொடுப்பதில்லை. அதன் ஊதுவாயை மட்டும் கொடுக்கிறார். சில வேளை அதுவும் இல்லை. உதடுகளை ஒட்டி வைத்து, வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரச் செய்யச் சொல்கிறார். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் கார்னெட், டிரம்பெட், யூபோனியம் ஆகிய பித்தளைக் கருவிகள் அனைத்திற்கும் ஒலியின் பிறப்பிடம் அந்த உதட்டதிர்வே. குழல் அதனைப் பெருக்கி, ஒழுங்குபடுத்துகிறது. கன்னத்தை உப்பவைத்து ஊதினால் வெறுங்காற்றே வரும். உதட்டோரங்களை இறுக்கி, நடுவைத் தளர்த்தி, வயிறு நிரம்ப மூச்சை இழுத்துச் சீராக விட்டால், ஒருநாள் திடீரென்று ஒலி பிறக்கும். முதல்நாள் அது எருமை கத்துவதுபோல் இருப்பினும், பிள்ளையின் முகத்தில் தோன்றும் வியப்பு சொல்லுந்தரமன்று.

எந்த வால்வையும் அழுத்தாமலே கார்னெட்டில் பல சுரங்கள் பிறக்கும். நம் வழக்கில் சொன்னால், ‘ச’வும் ‘ப’வும் ‘க’வும் மேல் ‘ச’வும் உதட்டின் இறுக்கத்தாலேயே கிடைத்துவிடும். படைவீரர் ஊதும் பியூகிள் இவற்றை மட்டுமே கொண்டது. இடைப்பட்ட சுரங்களுக்காகவே மூன்று வால்வுகள் அமைந்தன. நடு வால்வை அழுத்தினால் குழல் சற்று நீண்டு ஒலி அரைச்சுரம் இறங்கும். முதல் வால்வு ஒரு முழுச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் இறக்கும். முதலிரண்டையும் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது தனித்துச் செய்வதையே செய்யும். ஆதலால் எட்டுவகை அழுத்தங்களில் ஏழு நீளங்களே கிடைக்கின்றன. அந்த ஏழுக்குள் எல்லாப் பாட்டும் அடங்கிவிடுகிறது. கணக்குப் பாடத்தில் பின்தங்கிய சிறுவன் இதனை இரண்டே நாளில் புரிந்துகொள்வதைப் பாண்டு ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவனுக்குக் கணக்கு வராது என்று முத்திரை குத்தியவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

கிளாரினெட்டின் தொல்லை வேறு. நாகசுரத்தின் சீவாளியில் இரண்டு பட்டைகள் ஒன்றோடொன்று அதிர்கின்றன. கிளாரினெட்டில் ஒற்றை நாணல் பட்டை ஊதுவாயின்மீது அதிர்கிறது. மேலும், புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் அதே சுரம் மேல் தாயியில் ஒலிக்கும். கிளாரினெட்டிலோ அது எட்டாம் சுரத்தைத் தாண்டிப் பன்னிரண்டாவதற்குத் தாவிவிடும். எனவே கீழே ஒரு விரற்பாடம், மேலே வேறொரு விரற்பாடம். பொறுமையுள்ள பிள்ளைக்கே இதைக் கொடுக்கவேண்டும். முரசு எளிதென்று நினைத்து அதற்குப் போட்டியிடும் பிள்ளைகள், இரு கைகளும் ஒரே அளவாக விழும்வரை மாதக்கணக்கில் ரப்பர் பலகையைத் தட்டவேண்டியிருப்பதை அறிந்ததும் பாதிப்பேர் குழலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

ஓர் ஆசிரியர், இருபது பிள்ளைகள், எட்டுக் கருவிகள்: சிற்றூர்ப் பள்ளிகளில் நிலைமை பெரும்பாலும் இதுதான். இவ்விடர்ப்பாட்டிற்குரிய வழியைச் சென்னைதான் உலகிற்குக் கொடுத்தது. 1789-இல் எழும்பூரில் படைவீரரின் அனாதைச் சிறுவர்களுக்கான இல்லத்தை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே செய்து, மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்றே அது இங்கிலாந்தில் பெயர் பெற்றது. பாண்டு வகுப்புக்கு இதனினும் பொருத்தமான முறை இல்லை. போன ஆண்டு கற்றவன் இந்த ஆண்டு வந்தவனுக்கு உதட்டுப் பிடியைக் காட்டட்டும். வெனிசுவேலா நாட்டில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் சில இளைஞரோடு தொடங்கிய எல் சிஸ்தேமா என்னும் இசைப் பள்ளி இயக்கம், ஏழைப் பிள்ளைகள் இலட்சக்கணக்கானோரை இம்முறையிலேயே இசைக்குழுக்களில் அமர்த்தியது. உலகப் புகழ்பெற்ற இசைநடத்துநர் குஸ்தாவோ துதாமேல் அதில் பயின்று வந்தவரே.

‘இது வெள்ளைக்காரர் வாத்தியம், நமக்கு எதற்கு?’ என்பாரும் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டைப் பாண்டின் இசையைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அவ்வாறு எண்ணவில்லை. அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவையே நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்படுவன. அவருடைய தம்பி பாலுசுவாமி வயலினையே கற்றுக்கொண்டார். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் பாண்டு வாத்தியக் குழு வைத்திருந்தார். கிளாரினெட்டோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிக்குள் புகுந்துவிட்டது. பின்னர் ஏ.கே.சி. நடராஜன் அதில் தனிக் கச்சேரி செய்து, டி.என். இராஜரத்தினம் பிள்ளையிடம் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்னும் பட்டம் பெற்றார். மைசூர் அரண்மனைப் பாண்டில் சாக்ஸபோனைக் கண்டு மனம் பறிகொடுத்த கதிரி கோபால்நாத், அதனைக் கருநாடக இசைக்கு இணக்குவதற்கு இருபது ஆண்டுகள் உழைத்தார்.

இவ்வரிசையில் நம்மவர் ஒருவரைச் சேர்க்காமல் விடுதல் நன்றிகேடாகும். தமிழ்க் கத்தோலிக்கரான ஏ.எம். சின்னசாமி முதலியார், தியாகராசர் முதலானோரின் கீர்த்தனைகளை ஐங்கோட்டு மேனாட்டுச் சுரக்குறிப்பில் எழுதி, 1892-93 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்டார். பணம் கரைந்தது, கண்பார்வையும் மங்கியது. தம்மால் முடிக்க இயலாத நிலையில், எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரிடமிருந்த இசைச் செல்வத்தை அச்சேற்றுமாறு அவ்வூர் அரசரைத் தூண்டினார். ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் வெளிவந்ததற்கு அந்தத் தூண்டுதலும் ஒரு காரணம். நம் பாடகர் குழுக்களில் இவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர் என்று கேட்க அஞ்சுகிறோம்.

கோவிலுக்குள் பாண்டு வாசிக்கலாகாது என்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22 அன்று விதித்ததையும், வெளியே பவனியில் உலகியல் பாட்டுகள் இன்றி வாசிக்க ஆயர் இசைவளிக்கலாம் என்றதையும் பலர் அறியார். ஆயினும் நம் தேர்த் திருவிழாக்களில் பாண்டு பெரும்பாலும் வீதியோடு நிற்கும் வழக்கத்திற்கும் அவ்விதிக்கும் பொருத்தம் உண்டு. பவனிகளில் இன்று திரைப்பட மெட்டுகள் முழங்குவதைக் கேட்டால், அவ்விதியின் பின்பாதியை நாம் வசதியாக மறந்துவிட்டோம் போலும்.

இனித் தாய்மாரின் அச்சத்திற்கு வருவோம். ‘ஊதி ஊதிப் பிள்ளைக்கு நெஞ்சு காய்ந்துவிடுமே, சாமி’ என்று பங்குத் தந்தையிடம் முறையிடுவோர் உண்டு. நலமுள்ள பிள்ளைக்கு ஊதுவதால் நெஞ்சு கெடுவதில்லை. மூச்சை ஆளும் பழக்கம் வளர்கிறது. குடலிறக்கமோ நுரையீரல் நோயோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கவேண்டும். முன்பற்கள் விழுந்து முளைத்து நிலைபெறும் முன் பித்தளைக் குழலைக் கொடுக்கவேண்டா. ஒருவர் ஊதுவாயை மற்றவர் வாயில் வைத்தல் கூடாது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு இதை விளக்கவேண்டியதில்லை. கருவி பொதுவாக இருக்கலாம். ஊதுவாய் பிள்ளைக்கொன்று வேண்டும்.

இதனினும் ஆழமான அச்சம் ஒன்று உண்டு. அதை வாய்விட்டுச் சொல்வோர் குறைவு. ‘என் மகன் சாவு வீட்டில் ஊதுகிறவன் ஆகிவிடுவானோ?’ என்பது அது. தோற்கருவியையும் ஊதுகுழலையும் கையாண்ட மக்களைச் சாதியின் பெயரால் நாம் ஒதுக்கி வைத்ததன் விளைவு இந்த அச்சம். சாவு வீட்டில் நமக்கு அவர்கள் வேண்டும், பந்தியில் வேண்டாம் என்று இருந்தோம். எனவே பாண்டு வகுப்பில் எந்தத் தெருப் பிள்ளைக்கு முரசு, எந்தத் தெருப் பிள்ளைக்குக் கிளாரினெட் என்று யாரும் முன்கூட்டியே பங்கிட இடங்கொடுக்கக் கூடாது. உதட்டமைப்பும் விரல் நீளமும் செவியுமே அதைத் தீர்மானிக்கட்டும். சிறுமியரையும் சிம்பல் தட்டுவதோடு நிறுத்திவிடாமல் குழல் வரிசையில் நிறுத்தவேண்டும்.

பணத்தைப் பற்றி என்ன சொல்வது? நாட்டில் பாண்டுக் கருவிகள் மிகுதியாகச் செய்யப்படும் ஊர் உத்தரப்பிரதேசத்து மீரட் நகரம். அங்குள்ள நாதிர் அலி நிறுவனம் 1885 முதல் இத்தொழிலில் உள்ளது. புதிய கார்னெட்டின் விலை உப்பளக் குடும்பத்திற்கு எட்டாதது. ஆதலால் கருவி பள்ளியின் உடைமையாகவே இருக்கவேண்டும். பழைய கருவிகளை வாங்கிப் பழுதுபார்த்தலும் ஆகும். ஆனால் வால்வுகள் தடையின்றி இறங்கி எழுகின்றனவா என்று அறிந்தவர் ஒருவரைக் கொண்டு சோதிக்காமல் வாங்கவேண்டா.

மரக்காணக் கரையில் கருவியின் முதல் எதிரி காற்று. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பு ஈரம் படிந்தால் துத்தநாகம் மெல்ல அரிக்கப்பட்டு, செந்நிறப் புள்ளிகள் தோன்றி, நாளடைவில் குழல் ஓட்டையாகும். வீட்டுக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் இதைத் துலக்கலாகாது, மேற்பூச்சு போய்விடும். ஊதி முடித்ததும் எச்சில் திறப்பை அழுத்தி நீரை வெளியேற்றி, உலர்ந்த துணியால் கைவியர்வையைத் துடைத்து, உடனே பெட்டியில் வைத்து மூடவேண்டும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உட்புறத்தைக் கழுவவேண்டும். வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவோர் சிலர். அது உறைந்து பிசுபிசுக்கும். அதற்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயே வேண்டும். மரப் பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்தால் மழைக்கால ஈரம் ஏறாது.

பெற்றோர் வீட்டிலிருக்கும் அந்த மழை மாதங்களே வகுப்பைத் தொடங்குவதற்கு ஏற்ற காலம். அக்டோபரில் ஊதத் தொடங்கிய பிள்ளை ஜனவரி 26 அன்று தேசிய கீதத்தைப் பிழையின்றி வாசிக்கும் என்று தலைமையாசிரியர் எதிர்பார்க்கவேண்டா. ஐந்து சுரங்களுக்குள் அடங்கும் ஒரு நடைமெட்டே அதற்குள் கைகூடும். அதன்பின் பாத்தி வேலை தொடங்கிவிடும். தாயும் தந்தையும் விடியுமுன் உப்பளத்திற்குப் புறப்படுவதால், காலையில் தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பு மூத்த பிள்ளைகளிடம் வந்து சேரும். அப்போது பயிற்சியைப் பள்ளி விட்டதும் மாலை நாலரை மணிக்கு மாற்றிக்கொள்ளலாம். சின்னஞ்சிறுவர்களும் உடன்வந்து திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.