வளர்க்கத் தகுந்தவர் யார்?

இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பாட்டர்சி என்றொரு பகுதி உண்டு. அங்கே, இருப்புப்பாதைகளை ஒட்டி, வீடிழந்த நாய்களைப் பேணும் காப்பகம் ஒன்று 1871ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்று வருகிறது. பூனைகளுக்கும் 1883ஆம் ஆண்டு முதல் அங்கே இடம் உண்டு. இதுவரை அதன் வாயிலைக் கடந்து வந்த உயிர்கள் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டவை.

இத்தகைய காப்பகங்களுக்குச் சென்று, வளர்ப்பதற்கு ஒரு நாய் வேண்டும் என்று கேட்பவர் உடனே அதனைப் பெற்றுவிட இயலாது. கடைக்குச் செல்வோர் விலையைக் கொடுத்தவுடன் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். காப்பகத்திலோ கேட்பவரே பல வினாக்களுக்கு விடை கூற வேண்டும். குடியிருப்பது சொந்த வீடா, வாடகை வீடா? வாடகை வீடாயின் வீட்டுக்காரரின் இசைவுக் கடிதம் உண்டா? வீட்டில் குழந்தைகள் எத்தனை பேர், எவ்வெவ் வயதினர்? பகலில் வீட்டில் இருப்பவர் யார்? தோட்டத்து வேலியின் உயரம் என்ன? முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று? இவ்வாறு வினாக்கள் நீளும். பின்னர்க் காப்பகத்தார் வீட்டையே நேரில் பார்க்க வருவதும் உண்டு.

கைவிடப்பட்ட ஓர் உயிருக்குச் சோறும் இடமும் தர முன்வந்தவருக்கு இது வியப்பாக இருக்கும். சிலருக்குச் சினமும் மூளும். நல்லது செய்ய வந்தவரைக் குற்றம் செய்தவரைப் போல நிறுத்தி வைத்து வினவலாமா? இக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. இதற்கு விடை காண வேண்டுமாயின், இக்காப்பகம் தோன்றிய நாளிலிருந்து பார்த்து வருதல் வேண்டும்.

சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய நூற்றாண்டில் இலண்டன் தெருக்களில் பட்டினியால் மெலிந்த நாய்கள் எங்கும் திரிந்தன. மேரி டீல்பி என்னும் அம்மையார் அவற்றின் நிலை கண்டு இரங்கினார். 1860ஆம் ஆண்டில், ஹாலோவே என்னும் பகுதியில், வழக்கொழிந்து கிடந்த ஒரு குதிரை இலாயத்தைப் பெற்று, வழிதவறிய நாய்களுக்கும் பசித்த நாய்களுக்கும் தற்காலிகப் புகலிடமாக அதனை அமைத்தார். அதனைக் கண்டு செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. ஏழை எளியோர் வாடும் நகரத்தில் நாய்களுக்கு இல்லம் எதற்கு என்பது அவற்றின் ஏளனம். ஆயினும், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்தி வந்த வார இதழில் 1862ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை, பரிசு பெற்ற செல்வ நாய்களின் கண்காட்சியையும் இந்த எளிய புகலிடத்தையும் அருகருகே வைத்துக் காட்டிற்று. மக்கள் மனம் சிறிது சிறிதாக இளகியது. டீல்பி அம்மையார் 1865ஆம் ஆண்டில் காலமானார். அவருக்குப்பின் ஆறு ஆண்டுகள் கழித்துக் காப்பகம் பாட்டர்சிக்கு மாறிற்று.

அக்காலத்து இலண்டனில் நாய் திருடுவது ஒரு தொழிலாகவே இருந்தது. திருடிய நாயை மறைத்து வைத்து, உடையவரிடம் பணம் பறித்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பர். பின்னாளில் எலிசபெத் பாரெட் பிரௌனிங் எனப் புகழ்பெற்ற பெண்பாற் புலவரின் ‘ஃப்ளஷ்’ என்னும் நாய் மூன்று முறை இவ்வாறு களவு போயிற்று; மூன்று முறையும் பொருள் கொடுத்தே அவர் அதனை மீட்டார். உயிருடன் அறுத்துச் சோதனை செய்வோருக்கு நாய்களை விற்போரும் இருந்தனர். எனவே, நாய் கேட்டு வருகிறவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று காப்பகங்கள் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. கெட்ட எண்ணத்தோடு வருவோரைத் தடுக்கும் கடமை அன்றே அவற்றின்மேல் விழுந்தது.

இன்று கள்வருக்கு அஞ்சிக் கேட்கும் கேள்விகள் மிகச் சில. நல்லெண்ணத்தோடு வருகிறவர்களால் நேரும் துன்பமே இன்று பெரிதாகிவிட்டது. இது புதிராகத் தோன்றலாம். குட்டியின் முகத்தைக் கண்டு மயங்கி அதனை வாங்குவோர் பலர். கிறிஸ்துமஸ் நாளில் குழந்தைக்குப் பரிசாக நாய்க்குட்டி கொடுக்கும் வழக்கம் பிரித்தானியாவில் இருந்தது. குட்டி சில திங்களில் வளர்ந்து பெரிதாகும். நாற்காலிக் காலைக் கடிக்கும். மழையிலும் பனியிலும் வெளியே உலவ அழைக்கும். பரிசுப் பொருளின் புதுமை தீர்ந்த பின், அது தெருவிலோ காப்பகத்திலோ விடப்படும். நாய்களின் நலம் பேணும் சங்கம் ஒன்றைச் சேர்ந்த கிளாரிசா பால்ட்வின் என்னும் அம்மையார் 1978ஆம் ஆண்டில் ஒரு முழக்கத்தை ஆக்கினார். நாய் கிறிஸ்துமஸ் நாளுக்கு மட்டும் உரியதன்று, வாழ்நாள் முழுவதற்கும் உரியது என்பது அதன் கருத்து. பிரித்தானியாவில் அம்முழக்கத்தை அறியாதவர் அரியர். நாயின் வாழ்நாளோ பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். சிறிய இனமாயின் அதனினும் மிகுதி. ஒன்றாம் வகுப்புச் சிறுவன் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் அது.

ஒருமுறை வீடிழந்த நாய் மறுமுறையும் வீடிழந்தால், அதன் நிலை முன்னினும் இரங்கத் தக்கதாகும். புதிய மனிதர், புதிய மணம், புதிய ஒலி ஆகியவற்றுக்கு அது மெல்ல மெல்லப் பழகி வந்திருக்கும். பழகிய வேளையில் மீண்டும் கம்பிக் கூண்டு! அதன் பின் அது மனிதரைக் கண்டால் ஒதுங்கும், அல்லது உறுமும். உறுமும் நாயை அழைத்துச் செல்ல எவர் வருவார்? நாய் திரும்பி வரலாகாது என்பதே காப்பக விதிகளுள் பெரும்பாலானவற்றின் நோக்கம்.

பகலில் வீட்டில் யார் இருப்பார் என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். நாய் கூட்டமாக வாழ்ந்த இனத்தின் வழிவந்தது. தனிமை அதற்கு இயல்பானதன்று. அதிலும், முன்பு கைவிடப்பட்ட நாய், வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு சென்றவுடன், அவர்கள் திரும்பவே மாட்டார்கள் என்பதுபோல் நடுங்கும், ஊளையிடும், கதவைப் பிறாண்டும், தரையை நனைக்கும். மாலையில் வந்து பார்ப்பவருக்கு அது குறும்பாகவோ பழிவாங்கலாகவோ தோன்றும். உண்மையில் அது அச்சத்தின் விளைவு. அயலார் முறையிடுவர், வீட்டார் அலுத்துப்போவர், நாய் காப்பகத்திற்குத் திரும்பும். ஆதலின், ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்கு மேல் நாயைத் தனியே விடலாகாது என்று பிரித்தானியக் காப்பகங்கள் பலவும் அறிவுறுத்துகின்றன.

குழந்தைகளின் வயதைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், உறக்கமின்றியும் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரப் பார்வை பார்க்கும். “என்னை விட்டுவிடு” என்று அது கூறும் மொழி இதுவே. மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மொழி விளங்காது. அது நாயின் கழுத்தை மேலும் இறுகத் தழுவும். பெரியவர்களிலும் பலருக்கு அது விளங்குவதில்லை என்பது வேறு செய்தி. மனிதரால் அடிபட்ட நாயின் வரலாறு முழுவதும் காப்பகத்தாருக்கே தெரியாதபோது, சிறு குழந்தை உள்ள வீட்டிற்கு அதனை அனுப்ப அவர்கள் தயங்குவது இயற்கை.

வேலியைப் பற்றிய விதி நாய்க்கு நாய் வேறுபடும். பந்தய ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்ட கிரேஹவுண்டு நாய்கள் காப்பகங்களுக்கு நிரம்ப வருகின்றன. அவை மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓட வல்லவை. துரத்துவதற்கென்றே பழக்கப்பட்டவையாதலின், பூனையொன்று குறுக்கே ஓடினால் அழைப்பவர் குரல் அவற்றின் காதில் ஏறாது. தாழ்ந்த வேலியும் அப்பால் ஒரு நெடுஞ்சாலையும் இருப்பின் முடிவு யாதாகும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. ஆனால், அந்நாய் பகலின் பெரும்பகுதி உறங்கியே கழிக்கும்; வாரில் பிடித்து நாள்தோறும் சிறிது தொலைவு உலவ அழைத்துச் சென்றால், தோட்டமே இல்லாத சிறு வீட்டிலும் அமைதியாக வாழும்.

காப்பகம் வாங்கும் கட்டணம் நாயின் விலையன்று. மருத்துவச் செலவில் ஒரு பங்கே அது. கருத்தடை அறுவை செய்தே நாயைக் கொடுப்பர். பெட்டை நாய் ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈனும். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறக்கலாம். அவற்றுக்கும் வீடு தேடுவது எளிதன்று. அரிசிமணி அளவான மின்னணுச் சில்லு ஒன்றைத் தோலின் அடியில் பதித்து, உடையவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டிலிருந்து சட்டமாகவே உள்ளது.

விதிகளுள் பெரும் பூசலுக்கு இடமாவது ஒப்பந்தத்தின் இறுதியில் காணப்படுவது. வளர்க்க இயலாமற் போனால் நாயைக் காப்பகத்திற்கே திருப்பித் தர வேண்டும். பிறருக்குக் கொடுத்தலாகாது என்பது அது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இது நாடறிந்த வழக்காயிற்று. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற எல்லன் டிஜெனெரஸ் என்பவர், ஒரு மீட்பு அமைப்பிலிருந்து ‘இக்கி’ என்னும் சிறு நாயைப் பெற்றார். அவர் வீட்டுப் பூனைகளோடு அது ஒத்து வாழவில்லை. எனவே, தம் கூந்தல் ஒப்பனையாளரின் குடும்பத்திற்கு அதனைக் கொடுத்தார். அக்குடும்பத்துச் சிறுமியர் இருவரும் நாயிடம் உயிராயினர். ஒப்பந்தம் மீறப்பட்டது என்று கூறி, மீட்பு அமைப்பினர் அவ்வீட்டிற்குச் சென்று நாயை எடுத்துச் சென்றுவிட்டனர். பதினான்கு வயதிற்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டிற்குச் சிறு நாயைத் தருவதில்லை என்பதும் அவர்கள் விதி. சிறுமியருக்கோ வயது பதினொன்றும் பன்னிரண்டும். டிஜெனெரஸ் தொலைக்காட்சியிலேயே கண்ணீர் விட்டழுது, நாயைத் திருப்பித் தருமாறு வேண்டினார். நாய் அக்குடும்பத்திற்குத் திரும்பவில்லை.

எழுத்துப்படி பார்த்தால் அமைப்பினர் செய்தது பிழையன்று. கை மாறிக் கை மாறிச் செல்லும் நாய் எங்கே போய்ச் சேரும் என்று எவராலும் கூற இயலாது. அதனைத் தடுக்கவே அவ்விதி பிறந்தது. ஆனால், அன்று அந்நாய் நல்ல வீட்டில்தான் இருந்தது. விதி காக்க எண்ணிய பொருள் கையில் இருக்கவே, விதியைக் காக்கும் பொருட்டு அதனை இழந்தனர். சிறுமியரோடு நாய் எவ்வாறு பழகுகிறது என்பதை அரை மணி நேரம் இருந்து பார்த்திருந்தால், ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுத்திருக்கலாம்.

மிகையான கண்டிப்பினால் விளையும் தீங்கு மற்றொன்றும் உண்டு. வேலி அரையடி தாழ்ந்தது என்பதற்காக மறுக்கப்பட்டவர் நாய் வளர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுவதில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு நாய்க்குட்டி வாணிகரிடம் செல்கிறார். அங்கே ஒரு கேள்வியும் இல்லை. அக்குட்டிகள் பிறக்கும் பண்ணைகளில் தாய் நாய்கள் கூண்டிலேயே கிடந்து, ஈற்றின்மேல் ஈற்றாக ஈன்று நைந்து போகின்றன. வேல்சு நாட்டுப் பண்ணையொன்றிலிருந்து 2013ஆம் ஆண்டில் மீட்கப்பட்ட ‘லூசி’ என்னும் நாய், முதுகெலும்பு வளைந்தும் மயிர் உதிர்ந்தும் இருந்தது. மூன்றாண்டுகளே பின்னர் வாழ்ந்தது. ஆறு திங்களுக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்கலாகாது என்று இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் அந்நாயின் பெயராலேயே வழங்குகிறது. சட்டம் வந்தும் மறைவான வாணிகம் முற்றும் ஒழியவில்லை. காப்பகத்தின் கதவு தேவையின்றி மூடப்படும்போதெல்லாம், அவ்வாணிகனின் கதவுக்கு ஒருவர் அனுப்பப்படுகிறார்.

அன்றியும், கூண்டுகள் எண்ணிக்கையில் சிலவே. ஒரு நாய் நெடுநாள் தங்கினால், வெளியே நிற்கும் மற்றொன்றுக்கு இடமில்லை. உடல்நலமுள்ள நாயைக் கொல்வதில்லை என்று உறுதிபூண்ட காப்பகங்களில் இந்நெருக்கடி மிகுதி.

இவற்றையெல்லாம் எண்ணி, வினவும் முறையைப் பல காப்பகங்கள் மாற்றியுள்ளன. 1866ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தோன்றிய விலங்குவதைத் தடுப்புச் சங்கம் ஒரு திட்டத்தை வகுத்தது. நாயின் இயல்பை முதலில் ஆராய்வர்: அது ஓடியாடும் விருப்புடையதா, ஓரிடத்தில் கிடப்பதா, அந்நியரைக் கண்டு ஒதுங்குவதா? நாய் வேண்டுவோரிடமும் அவர்தம் வாழ்க்கை முறையைக் கேட்டறிவர். இரு சாராருக்கும் ஊதா, ஆரஞ்சு, பச்சை என்னும் மூன்று நிறங்களே குறி. நிறம் ஒத்தவரை ஒத்த நாயிடம் அழைத்துச் செல்வர். தோட்டம் இல்லாதவரைத் திருப்பி அனுப்பாமல், தோட்டம் வேண்டாத நாயைக் காட்டுவர். வீட்டைப் பார்க்கச் செல்வோரும், தண்டனை விதிப்பவராகச் செல்லாமல், வேலியில் எந்தப் பலகை தளர்ந்துள்ளது, நாயின் படுக்கையை எங்கே இடலாம் என்று எடுத்துக் கூறுபவராகச் செல்கின்றனர்.

நாயைக் கொடுத்தபின்னும் காப்பகத்தின் வேலை முடிவதில்லை. புதுவீடு புகுந்த நாய்க்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று திங்கள் என ஒரு கணக்குச் சொல்வர். முதல் மூன்று நாள் அது உண்ண மறுக்கலாம். மேசையின் அடியிலேயே கிடக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்களை அறியும். அப்போதுதான் அதன் குறும்புகளும் வெளிப்படும். அது தன் வீடு இதுவென உணர்வதற்கு மூன்று திங்கள் ஆகும். குடும்பத்தினர் சோர்ந்து போவது பெரும்பாலும் அந்த மூன்றாம் வாரத்திலேதான். ஆதலின், திருப்பிக் கொண்டுவரலாமா என்று அவர்கள் எண்ணத் தொடங்கும் முன்பே, காப்பகத்தார் தாமே தொலைபேசியில் அழைத்து, நாய் உண்கிறதா, உறங்குகிறதா, இரவில் அழுகிறதா என்று கேட்கின்றனர்.