பொறிகள் ஒன்றையொன்று அறியும் விதம்

நம் ஏவலின்படி நடக்கும் செயற்கையறிவுப் பொறிகள் இந்நாளில் தம்முள் உரையாடுகின்றன. முகமுங் குரலுமற்ற இவை எதிரிலுள்ளாரை இன்னாரென அறிவது எவ்வாறு? ஓர் எண்ணை ஒருவர்க்குரிய பூட்டிலிட்டு அனுப்புவோமாயின், அவரே தம் அந்தரங்கத் திறவுகோலால் திறந்து அதனைத் திருப்பிச் சொல்ல வல்லார். 1978-ல் நீடம், ஷ்ரோடர் என்போர் இங்ஙனம் வகுத்த முறையை அறிஞர் நெடுநாள் நம்பினர். 1995-ல் கேவின் லோ என்பார் அதன் பழுதைக் காட்டினார்.

இராமன் ஒரு வஞ்சகனோடு பேசத் தொடங்குகின்றான் எனக் கொள்வோம். வஞ்சகன் அவ்வெண்ணைச் சோமனது பூட்டிலிட்டு, இராமன் பெயரால் விடுக்கின்றான். சோமன் ஒரு புதிய எண்ணைச் சேர்த்து, இராமனது பூட்டிலிட்டு விடை தருகின்றான். அதனை வஞ்சகனுடையதென்றே கருதிய இராமன், திறந்து, புதிய எண்ணை வஞ்சகனுக்கே சொல்லிவிடுகின்றான். சோமன் ஏமாந்தான். முன்பின் அறியாதாரோடு நாடோறும் பேசும் பொறிகளுக்கு இது எளிதில் நேரக்கூடியதே. பூட்டோ உடையவேயில்லை! விடையினுள் சோமன் தன் பெயரையும் எழுதியிருப்பின் இராமன் உணர்ந்திருப்பான். லோ உரைத்த திருத்தமும் அதுவே.