தீராத எஞ்சின் கோளாறு: கார் கம்பெனியிடம் நியாயம் கேட்கும் வழி

புதிதாக வாங்கிய காரின் எஞ்சின் கோளாறு, பலமுறை ஒர்க்‌ஷாப் போய் வந்தும் தீரவில்லை என்றால், அது சாதாரணப் பழுதா, தயாரிப்பிலேயே வந்த குறையா என்பதுதான் முதல் கேள்வி. பழுது என்றால் வாரண்டிப்படி பாகத்தை மாற்றிக் கொடுப்பதோடு கம்பெனியின் கடமை முடிந்துவிடும். மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: ஒரு பாகத்தில் குறை என்பதற்காக முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது.

2010-ல் ஃபியட் கார் வழக்கு இன்னும் தெளிவான பாடம். எஞ்சினில் சத்தம் என்று புகார்; கம்பெனி புது எஞ்சினே மாற்றிக் கொடுத்தது; சத்தம் நிற்கவில்லை. சார்பற்ற தொழில்நுட்ப வல்லுநர் தயாரிப்புக் குறை இருப்பதாகச் சொன்னால் காரின் விலையையும் ஆயுள் வரியையும் 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் கிடைப்பதும் கிடைக்காததும் வல்லுநர் அறிக்கையைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

ஆகவே வழக்குக்கான ஆதாரம் ஒர்க்‌ஷாப்பிலேயே உருவாகத் தொடங்குகிறது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஆயில் குறைகிறது என்று உரிமையாளர் வாயால் சொன்னது ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்-அப்’ என்று சுருங்கிவிட்டால், பிற்பாடு அந்தப் புகாரே வந்ததில்லை என்று கம்பெனி வாதிட இடமுண்டு. சொன்ன குறையைச் சொன்னபடியே எழுத வைத்து, கிலோமீட்டர் அளவையும் தேதியையும் சரிபார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு முறையும் நகல் வாங்கி, அதே குறையை மின்னஞ்சலிலும் தெரிவித்து வைப்பது நல்லது. எந்த வழக்கறிஞரின் வாதத்தையும்விட இந்தத் தாள்களுக்கு மதிப்பு அதிகம்.

கம்பெனித் தரப்பின் பதில்கள் பெரும்பாலும் தெரிந்தவையே: கலப்பட எரிபொருள், தண்ணீர் புகுந்தது, சர்வீஸ் தவறியது, வெளி மெக்கானிக் கை வைத்தது. சில வேளை அதில் உண்மையும் இருக்கும். பிஎஸ்-6 டீசல் கார்களின் புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக, வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடும் காரில் அது அடைத்துக்கொண்டு இழுவை குறையலாம். இதையும் தயாரிப்புக் குறையையும் பிரித்துச் சொல்ல வல்லுநரால்தான் முடியும். பரிசோதனை தேவைப்படும் குறை என்றால் நுகர்வோர் ஆணையமே உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை மனுதாரர் முதலில் கட்ட நேரும். அந்தச் சோதனைக்கு முன் எஞ்சினைப் பிரித்து மாட்ட விட்டால் தடயம் அழிந்துவிடும்.

கடையநல்லூரில் இருப்பவர் காரைத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ வாங்கியிருப்பார். கம்பெனியின் தலைமையிடம் வேறு மாநிலத்தில் இருக்கும். இந்தத் தூரத்தை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைத்திருக்கிறது. 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த இச்சட்டப்படி, மனுதாரர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை.

வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. வளைகுடாவில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த காரை ஊரில் ஓட்டும் தகப்பனாருக்கு இது பெரிய ஆறுதல். வணிக நோக்கில் வாங்கியவருக்கு இச்சட்டம் பொருந்தாது; ஆனால் குற்றால சீசனை நம்பிச் சொந்தக் கார் ஓட்டிப் பிழைப்பவர் சுயதொழில் செய்பவர் என்பதால் அவருக்குத் தடையில்லை. டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது அவசியம். இல்லையேல் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பார்.

காலக்கெடு 2 ஆண்டுகள். ‘அடுத்த சர்வீஸில் சரியாகிவிடும்’ என்ற பேச்சிலேயே இந்தக் காலம் கரைந்துவிடுவதுதான் பலருக்கு நேரும் இழப்பு. பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை அவ்வளவு வேகமில்லை. குற்றவியல் புகாராகத் தொடங்கும் வழக்குகளோ இன்னும் நீளக்கூடியவை. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2009-ல் வாங்கப்பட்ட ஒரு பிஎம்டபிள்யூ காரின் குறை அப்படித்தான் நீதிமன்றம் போனது. 2024 ஜூலையில்தான் 50 லட்சம் ரூபாய் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2012-லேயே கம்பெனி மாற்றுக் கார் தர முன்வந்திருந்தது. நியாயமான சமரசம் எழுத்தில் வந்தால், அதை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். ஆணையத்தின் தீர்ப்பு பாதகமாக வந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவைக் கம்பெனி நிறைவேற்றாவிட்டால், 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.