உயரமே நாட்காட்டி

இலையுதிர்காலத்தில் மலைப்பாதையில் பைக் பயணம் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “எந்த வாரம் கிளம்பலாம்?” என்பதுதான். “எந்த உயரத்துக்கு?” என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரில் ஓடும் புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையை எடுத்துக்கொள்வோம். 1935இல் தொடங்கி 1987இல் முடிந்த இந்தச் சாலை, வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினா வரை 755 கிலோமீட்டர் நீள்கிறது. சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை. ஜேம்ஸ் ஆற்றங்கரையில் சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாலை, ரிச்லேண்ட் பால்சம் அருகே 1,845 மீட்டரைத் தொடுகிறது.

ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதனால் இலையுதிர்காலம் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. அக்டோபர் தொடக்கத்தில் சிகரங்கள் நிறம் மாறிவிடும். பள்ளத்தாக்குகளுக்கு அந்த நிறம் வந்துசேர நவம்பர்கூட ஆகலாம். தாமதமாகப் போகிறவர் தாழ்வான பகுதியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பகல் குறுகி, குளிர் கூடும்போது மரங்கள் பச்சையம் தயாரிப்பதை நிறுத்துகின்றன. இருந்த பச்சையமும் சிதைந்ததும், கோடை முழுக்க மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்பின் கதை வேறு. இலைக்காம்பின் அடியில் தடுப்பு அடுக்கு உருவாவதால் சர்க்கரை இலையிலேயே தேங்குகிறது. அதைக் கொண்டு மேப்பிள் போன்ற மரங்கள் ஆந்தோசயனின் என்ற நிறமியைப் புதிதாக உண்டாக்குகின்றன. வெயிலான பகலும், உறைபனி விழாத குளிர் இரவும் தொடர்ந்து அமைந்தால் சிவப்பு ஆழமாகும்.

நிறத்தைத் தரும் அதே குளிர் பைக் ஓட்டுபவரையும் சோதிக்கிறது. காற்றின் வெப்பநிலை 5 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 70 கிலோமீட்டரில் போனால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரிபோல் உறைக்கும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். ஆகவே காற்றுப் புகாத கையுறை இங்கே பாதுகாப்புக் கருவி. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரில் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ அழுத்தம் இறங்கும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே காற்றைச் சரிபார்க்க வேண்டும்.

வளைவுகளில் கிடக்கும் ஈர இலைகள் டயருக்கும் தாருக்கும் இடையே வழுக்கும் படலமாகிவிடும். பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று வீசுவதால் அவை மற்ற சாலையைவிட முன்னதாக உறையும். வெயில் படாத சுரங்கப்பாதைகளில் கசியும் நீரும் பனிக்கட்டியாகலாம். மான்களின் இணைசேரும் பருவமும் இதுவே. விடியலிலும் அந்தியிலும் அவை சாலைக்குள் பாய்ந்துவிடும்.

ஆகவே திட்டத்தை உயரத்திலிருந்து தொடங்குங்கள். அக்டோபர் முற்பகுதி என்றால் உச்சிப் பகுதி, பிற்பகுதி என்றால் நடுத்தர உயரங்கள். வெயில் ஏறிய பிறகு மலையேறி, மாலைக்கு முன் இறங்கிவிடுங்கள். இந்தச் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது. பக்கத்து ஊர்களிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். 2024இல் ஹெலீன் புயல் இந்தச் சாலையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. அதனால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்கா சேவையின் அறிவிப்பைப் பார்த்த பிறகே தங்குமிடத்துக்கு முன்பதிவு செய்யுங்கள்.